‘கையால் அடித்தது’

பழம்பொருள் விற்பவர்கள் எழுதும் குறிப்புகளை நான் இலக்கியமாகத்தான் படிக்கிறேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நடுகல் வாசகம் மாதிரி அதுவும் கறாரான இலக்கணம் உள்ள ஒரு வகை. நாற்பது ஐம்பது சொற்களுக்குள் ஒரு பொருளின் வயது, பிறப்பு, உடம்பு, தழும்பு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், படிக்கிறவன் கை தானாகப் பர்சுக்குப் போகவும் வேண்டும். நம் கவிதைத் தொகுப்புகளின் பன்னிரண்டு பக்க முன்னுரைகளைப் படித்துவிட்டு இதைப் படித்தால் மூச்சு வருகிறது.

இந்த வகைக்குள் எனக்குப் பிடித்த ஒரு கிளை உண்டு: ‘ட்ரேட் ஆக்ஸ்’ குறிப்புகள். வணிகக் கோடாலி என்று சொல்லலாம். வட அமெரிக்காவில் ஐரோப்பியக் கம்பெனிகள் அங்கிருந்த பூர்வகுடி வேட்டைக்காரர்களிடம் விலங்குத் தோலுக்கு மாற்றாகக் கொடுத்த கோடாலிகளுக்கு இந்தப் பெயர். காலனிய காலம், கையால் அடித்தது, துரு அசல், காம்பு பிற்காலத்தது, வாயில் சிறு சேதம். கிட்டத்தட்ட எல்லாக் குறிப்பும் இந்தத் தாளத்தில்தான் போகும். அதில் ‘கையால் அடித்தது’ என்பது எப்போதும் முன்வரிசையில் நிற்கும். அந்தச் சொல்தான் விலையைத் தூக்குகிறது.

முதலில் இவர்கள் எதை நன்றாகப் படிக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இரும்பைப் படிக்கிறார்கள். நான் படித்தது மெக்கானிக்கல், பிழைப்பது சாப்ட்வேரில். ஆனாலும் உலோகவியல் வகுப்பில் புரியாத ஒன்று இந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் எனக்குப் புரிந்தது. தட்டையான ஒரு தேனிரும்புப் பட்டையை எடுத்து, நடுவில் ஒரு தண்டைச் சுற்றி மடக்குகிறான் கொல்லன். தண்டு இருந்த இடம் பிறகு காம்பு நுழையும் துளையாகும். மடிந்த இரண்டு முனைகளையும் உலையில் வெளுக்கக் காய்ச்சி, ஒன்றோடொன்று சேர்த்து அடித்தால் ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் ராடு கிடையாது, கேஸ் கிடையாது, சூடும் அடியும் மட்டும்தான். ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு துண்டு எஃகைச் செருகிவிடுவான். அதுதான் வெட்டும் வாய்.

ஏன் முழுக் கோடாலியையும் எஃகில் செய்யவில்லை? எஃகு விலை அதிகம். 1856இல் பெஸ்ஸமர் தன் முறையை அறிவித்து, அது ஆலைகளில் பரவி எஃகு மலிவாகும்வரை உலகத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சிக்கனம் பிடித்தார்கள். உடம்பு இரும்பு, வாய் மட்டும் எஃகு. கோடாலியின் பக்கவாட்டில் தெரியும் அந்த மெல்லிய ஒட்டுக்கோட்டில் ஒரு காலத்தின் விலைவாசி பதிந்திருக்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர் அந்தக் கோட்டை நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். இந்த அளவு நுட்பமான வாசிப்பை நம் விமர்சனத்தில் எத்தனை பேர் ஒரு நாவலுக்குச் செய்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் எனக்கு வருத்தம். ஒட்டுக்கோட்டைப் படிக்கிற இந்தக் கண், பெயரிலேயே இருக்கிற ‘ட்ரேட்’ என்ற சொல்லை மட்டும் தாண்டிப் போய்விடுகிறது.

ஹட்சன்ஸ் பே கம்பெனிக்கு 1670இல் இங்கிலாந்து அரசர் பட்டயம் கொடுத்தார். அந்தக் கம்பெனியின் கணக்கில் பவுனும் ஷில்லிங்கும் காட்டில் செல்லாது. அலகு ‘மேட் பீவர்’, அதாவது பதப்படுத்திய ஒரு நல்ல குளிர்காலப் பீவர் தோல். துப்பாக்கி இத்தனை தோல், போர்வை இத்தனை தோல், கெட்டில் இத்தனை தோல். கோடாலியும் அந்தப் பட்டியலில் ஒரு வரி. இதுவரைக்கும் பண்டமாற்று மாதிரித்தான் தெரியும். ஆனால் நடைமுறை இன்னும் ஒரு படி போனது. பனிக்காலத்துக்கு முன்பு சாமான்களைக் கடனாகக் கொடுத்துவிடுவார்கள். வேட்டைக்காரன் பனியில் போய்ப் பொறி வைத்து, வசந்தத்தில் தோலோடு வந்து அடைக்க வேண்டும். விலங்கு கிடைக்காத வருடம் கடன் அடுத்த வருடத்துக்கு நகரும். பேரேடு கம்பெனியின் மேசையில். (அந்தக் கம்பெனி பிறகு டிபார்ட்மென்ட் ஸ்டோராக மாறி, 2025இல் கடைசிக் கடைகளையும் மூடியது. 355 வருடம். கடன் வாங்கிய கம்பெனிக்குக் கடைசியில் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே உதாரணமாகிவிட்டது.)

ஆக, வணிகக் கோடாலி என்பது மரம் வெட்டும் கருவியாக இருந்ததோடு ஒரு முன்பணமாகவும் இருந்தது. வாங்குகிறவன் கையில் அது வந்த அன்றே ஒரு தவணை தொடங்கிவிடுகிறது. கம்பெனியின் ஏடுகள் இன்றும் கனடாவின் மானிட்டோபா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தகவல் இல்லாததால் இது விடுபடவில்லை. அந்த வகையின் இலக்கணத்தில் அதற்கு இடம் இல்லை, அவ்வளவுதான். அடித்தவன் கையைப் புகழும் குறிப்பில், வாங்கியவன் கை எங்கேயும் வருவதில்லை.

‘கை’க்கு இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? ஆங்கிலம் வழியாக இதைப் பெற்ற நமக்கு ஒரு வழி ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்தவர், தமிழ்த் தகப்பன், ஆங்கிலேயத் தாய். இலங்கைக்கு அவர் வேலைக்குத் திரும்பியது புவியியலாளராக. கனிம ஆய்வுக்காகச் சுற்றும்போது ஊர்க் கொல்லர்கள் இரும்பு உருக்குவதைக் கண்டு அதையும் எழுதிவைத்தார். 1908இல் வந்த அவருடைய ‘மெடிவல் சிங்களீஸ் ஆர்ட்’, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அதே கை அச்சுப்பொறியில் அச்சிடப்பட்டது. கையால் செய்ததைப் பற்றிய புத்தகம் கையாலேயே அச்சாக வேண்டும் என்ற பிடிவாதம். எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும். ஆலைப் பொருள் வெள்ளமாக வந்து கைவினைஞனை அடித்துக்கொண்டு போன காலத்தில் அது ஒரு எதிர்ப்பு. ஆனால் அந்தப் புகழ்ச்சி நூறு வருடத்தில் கரைந்து, கடைசியில் ஏலக் குறிப்பில் ஒரு விற்பனைச் சொல்லாக வந்து நிற்கிறது. மனிதன் போய்விட்டான், அவன் கை மட்டும் மிச்சம்.

கோடாலியைச் சமூகத்துக்குள் வைத்து எழுதியவர்களும் உண்டு. லாரிஸ்டன் ஷார்ப்பின் ‘ஸ்டீல் ஆக்ஸஸ் ஃபார் ஸ்டோன் ஏஜ் ஆஸ்திரேலியன்ஸ்’ மானுடவியல் மாணவர்களுக்கு மனப்பாடம். 1952இல் வெளிவந்த சின்னக் கட்டுரை. வட ஆஸ்திரேலியாவின் யிர் யோரோண்ட் மக்களிடம் கல் கோடாலி ஆண்களுடையது. பெண்ணுக்கோ சிறுவனுக்கோ வேண்டுமென்றால் ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கல்லுமே தெற்கே வெகுதூரத்திலிருந்து, கைமாறிக் கைமாறி வந்தது. பதிலுக்கு இவர்கள் திருக்கை முள் வைத்த ஈட்டிகளைக் கொடுத்தார்கள். மிஷனரிகள் வந்து, வேலை செய்தவர்களுக்கெல்லாம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்கூட, எஃகுக் கோடாலியைக் கொடுத்தார்கள். மரம் சீக்கிரம் வெட்டுப்பட்டது. கூடவே, யார் யாரிடம் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கும் வெட்டுப்பட்டது. ஒரு பெரியவர் தன் மனைவியிடமோ மகனிடமோ கோடாலி இரவல் கேட்கும் நிலை வந்தது.

அருமையான வாசிப்பு. ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. ஷார்ப்பின் கதையில் கோடாலியே நாயகனாகிவிடுகிறது. இரும்பு உள்ளே வந்ததும் சமூகம் தானாகச் சரிகிற மாதிரி ஒரு தோற்றம். யாருடைய நிலத்தில், யாருடைய துப்பாக்கிப் பாதுகாப்பில் அந்த மிஷன் நின்றது என்பது பின்னணியில் மங்கிவிடுகிறது. ஏலக் குறிப்பு பொருளைத் தனியாக எடுத்துப் பூஜிக்கிறது, ஷார்ப் அதைத் தனியாக எடுத்துக் குற்றவாளி ஆக்குகிறார். நம் பழமொழியும் கொஞ்சம் இந்த ரகம்தான். குலத்தைக் கெடுக்கும் கோடாலிக் காம்பு என்கிறோம். மரத்தின் பார்வையில் நின்று காம்பைத் திட்டுகிறோம். வீசிய கையையும் வீசச் சொன்ன வாயையும் விட்டுவிடுகிறோம்.

இதையெல்லாம் திருவள்ளூரில் உட்கார்ந்து யோசிக்க ஒரு காரணம் இருக்கிறது. கோடாலியை எப்படி வாசிப்பது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த இடங்களில் எங்கள் மாவட்டமும் ஒன்று. 1863 மே 30ஆம் தேதி, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் சரளைக் கற்களுக்கு நடுவே மனிதன் செதுக்கிய ஒரு கல்லைப் பார்த்தார். அதே வருடம் செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இங்கே அத்திரம்பாக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், கைக்கோடாலிகளைக் கண்டெடுத்தார்கள். பிற்காலத்தில் சாந்தி பப்புவின் குழு அங்கேயே பல வருடம் தோண்டியது. 2011இல் அவர்கள் வெளியிட்ட கணிப்பு, அந்தக் கைக்கோடாலிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றது. பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பிக்னிக் வருகிறவர்கள் மழைக்கு ஒதுங்கும்போது பார்க்கலாம்.

அந்தக் கற்களைத் தொல்லியலாளர்கள் படிக்கும் விதம்தான் எனக்கு முக்கியம். இது எந்தப் பாறை, எந்தக் குன்றிலிருந்து வந்தது? செதுக்கியபோது விழுந்த செதில்கள் இங்கேயே கிடக்கின்றனவா, இல்லை வேறெங்கோ செதுக்கித் தூக்கி வந்ததா? விளிம்பு எதை வெட்டித் தேய்ந்தது? உடைந்த கல் அவர்களுக்கு முழுக் கல்லைவிடப் பேசும். பெயர் தெரியாத, எலும்புகூடக் கிடைக்காத ஒரு உயிரின் நடமாட்டத்தை வெறும் குவார்ட்சைட்டிலிருந்து கட்டி எழுப்புகிறார்கள். 15 லட்சம் வருடத்துக்கு முந்தைய கைக்கு இவ்வளவு பொறுமை காட்ட முடிகிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய கைக்கு ஏன் முடியவில்லை?

இங்கே காலனிய காலத்துக் கோடாலி என்பது பெரும்பாலும் ஊர்க் கொல்லர் அடித்தது. அந்தக் கோடாலிக்குள் போனாலும் கதை நேராக இருக்காது. சேலம் பக்கத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கி எடுத்த இரும்பு ஒருகாலத்தில் கொல்லனுக்குக் கிடைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப் போகக் கப்பலில் வந்த இங்கிலாந்து இரும்பு மலிவானது. சென்னை மாகாண வனச் சட்டம் 1882இல் வந்தபின் கரிக்குக் காடும் கெடுபிடியானது. உருக்கும் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடிக்கும் உலைகள் மட்டும் தொடர்ந்தன. அதனால் ஒரு தமிழ்க் கொல்லன் கையால் அடித்த ‘நாட்டுக் கோடாலி’யின் உள்ளே இருக்கும் இரும்பு இங்கிலாந்து ஆலையுடையதாகவே இருக்கலாம். கை உள்ளூர், சரக்கு வெளியூர். சந்தேகமே இல்லாமல் அதுவும் ஒரு வணிகக் கோடாலிதான். இதற்கு எந்தச் சேகரிப்பாளரும் அந்தப் பெயர் சூட்டமாட்டார்.

இந்த இடத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத்தைத் தாண்டிப் போக மனமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர். சேலத்து இரும்பைப் பார்த்து மயங்கி, 1830இல் பரங்கிப்பேட்டையில் உருக்காலை ஆரம்பித்தார். கம்பெனி கடன் கொடுத்தது. மரக்கரி தின்று தீர்த்த அந்த ஆலை லாபத்தைக் கண்டதில்லை. மனிதர் இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்த்தால் தரம் கூடுகிறது என்று 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் முறையைச் சற்றே மாற்றிக்கொண்டு உரிமைத் தொகை கொடுக்க மறுத்தார்கள். வழக்காடியே 1851இல் இறந்தார். தனி நாவலுக்கான ஆள்.

படிப்பு முடிந்ததும் ஒரு வருடம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் ட்ரெயினியாக இருந்தேன். பழைய இரும்பு லாரி லாரியாக வரும். கப்பல் தகடு, சைக்கிள் ரிம், எஞ்சின் பிளாக், கதவுக் கீல், யார் வீட்டுக் கடப்பாரையோ. காந்தக் கிரேன் அள்ளி இண்டக்‌ஷன் உலையில் கொட்டும். 1600 டிகிரி பக்கம் போனதும் எல்லாம் ஒரே ஆரஞ்சுக் குழம்பு. கரண்டியில் ஒரு சாம்பிள் எடுத்து ஸ்பெக்ட்ரோவில் வைத்தால் ஒரு சீட்டு வரும்: கார்பன் இவ்வளவு, மாங்கனீசு இவ்வளவு, கந்தகம், பாஸ்பரஸ். கூடவே ஒரு ஹீட் நம்பர். நான் பார்த்த வர்ணனைகளிலேயே கடைந்தெடுத்த உலர்ந்த உரைநடை அதுதான். ஹீத் பரிதாபமாகப் போராடிய மாங்கனீசு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பத்தியாக உட்கார்ந்திருக்கும், யாரும் அவரை நினைப்பதில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தச் சீட்டை வைத்து ஒரு கம்பி எந்த நாள், எந்த ஷிப்ட், எந்த உலையில் உருகியது என்று பின்னால் போய்ப் பிடிக்க முடியும். ‘கையால் அடித்தது’ என்ற உணர்ச்சிகரமான குறிப்பை வைத்து அப்படி எங்கேயும் போக முடியாது.

இன்றைக்கும் கையால் அடிக்கும் கோடாலிக்குப் பஞ்சமில்லை. சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை தாண்டிப் போனால் சில மாதங்களில் சாலையோரம் தார்ப்பாய்க் கூடாரங்கள் தெரியும். வடக்கிலிருந்து வரும் கொல்லர் குடும்பங்கள். தரையில் குழி வெட்டி உலை, கையால் சுற்றும் ஊதி, லாரியின் பழைய ஸ்பிரிங் பிளேட்தான் மூலப்பொருள். ஆண் இடுக்கியால் பிடித்துத் திருப்பிக் கொடுக்க, பெண்கள்தான் சம்மட்டி போடுகிறார்கள். கையால் அடித்தது என்றால் இங்கே அது பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோள். போன வருடம் என் சித்தப்பா அங்கே ஒரு கோடாலி எடுத்தார்.

“எவ்ளோம்மா?”

“ஐநூறு, அண்ணா.”

“ஐநூறா! கடையில மிஷின்ல செஞ்சதே முந்நூறுதாம்மா.”

முந்நூற்றைம்பதுக்கு முடித்தார். சித்தப்பா கெட்டவர் இல்லை. சந்தையில் ‘கை’ என்ற சொல்லின் விலை அதுதான். அதே சொல் நூறு வருடத் துருவோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் போனால் வேறு விலை. அடித்தவர் எதிரில் நிற்கும்போது கைக்கு மதிப்புக் குறைகிறது, ஆள் மறைந்தபிறகு கூடுகிறது.

முன்பணத்துக்கு வருகிறேன். இந்தப் பகுதியில் கோடாலி பிடிக்கிறவர்கள் யார் என்று கேட்டால், திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர்ப் பக்கத்து ஆட்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்: இருளர்கள். சவுக்கு, சீமைக்கருவேலம். குடும்பமாகக் கூட்டிப் போவார்கள். போகும் முன் ஒரு தொகை கையில் கொடுப்பார்கள். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ சாவுக்கோ வாங்கிய தொகை. அதற்கப்புறம் கூலியிலிருந்து கழியும் என்பது பேச்சு. எவ்வளவு கழிந்தது என்பது வெட்டச் சொல்கிறவரின் நோட்டில் மட்டும் இருக்கும். 1976லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டப்படி அப்படிப்பட்ட கடனே செல்லாது. ஆனால் 2019 ஜூலையில்கூட காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கிடக்கும் படம் அன்றைக்கு எல்லாருடைய போனிலும் ஓடியது.

மீட்கப்படுகிறவர்களுக்கு ஒரு விடுவிப்புச் சான்றிதழ் தருகிறார்கள். பெயர், ஊர், யாரிடம் வேலை, கடன் இனிமேல் இல்லை என்ற அறிவிப்பு. அரசு அலுவலகத் தமிழ்தான். என்னைக் கேட்டால், கோடாலியைப் பற்றி இந்த மண்ணில் எழுதப்பட்டவற்றில் ‘வணிகம்’ என்ற சொல்லுக்கு ஒழுங்காகப் பொருள் எழுதிய ஒரே வகை அதுதான், கோடாலி என்ற சொல்லே அதில் வராமல் போனாலும்.

கனடாவின் பனியையும் ஊத்துக்கோட்டைச் சவுக்குத் தோப்பையும் ஒன்றாக்குகிறேன் என்று யாராவது சொல்லலாம். ஒன்றாக்கவில்லை. அங்கே வேட்டைக்காரனுக்குப் பேரம் பேசும் பலம் நீண்ட காலம் இருந்தது, போட்டிக் கம்பெனியிடம் போகவும் செய்தான். இங்கே போக இடமில்லை. நான் ஒப்பிடுவது கணக்கின் வடிவத்தை. சாமானோ பணமோ முன்னால் வரும், உழைப்பு பின்னால் போகும், எழுதுகிற கை ஒருவருடையதாகவே இருக்கும். இன்னொரு எதிர்வாதமும் கேட்டிருக்கிறேன்: “விற்கிறதுக்கு எழுதுற நாலு வரியில போய் சமூக நீதி தேடுறியா?” விற்பனைக் குறிப்பு மட்டும் இப்படி இருந்தால் விட்டுவிடலாம். அதே வாக்கியங்கள்தான் அருங்காட்சியக அட்டைகளிலும் காபி டேபிள் புத்தகங்களிலும் வந்து, பிறகு நம் நாவல்களில் தாத்தாவின் கோடாலி பற்றிய பத்தியாகவும் இறங்குகின்றன. துரு, தழும்பு, உலையின் செந்நிறம், கொல்லனின் வியர்வை. காம்பைப் பிடித்தவன் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிய பத்தி எத்தனை?

எங்கள் வீட்டுப் புறக்கடையிலும் ஒரு கோடாலி உண்டு. வயது யாருக்கும் தெரியாது. அதன் பின்மண்டை, அதாவது வாய்க்கு எதிர்ப்புறம், அடிபட்டு அடிபட்டுச் சப்பையாகி, ஓரம் காளான் குடை மாதிரி வெளியே விரிந்திருக்கிறது. ஏலக் குறிப்பில் இதற்கு ‘சேதம்’ என்று பெயர், விலையில் கழிப்பார்கள். சில விற்பனையாளர்கள் அரம் போட்டு அந்த விளிம்பைச் சீவிச் சுத்தமாக்கியும்விடுகிறார்கள். பின்மண்டை இப்படி ஆவதற்கு ஒரு வழி உண்டு. கட்டையைப் பிளக்க ஆப்பு இறக்கும்போது சம்மட்டி இல்லாதவன், கோடாலியையே திருப்பிப் பிடித்து அதன் முதுகால் ஆப்பை அடித்திருப்பான். அவனிடம் இருந்தது ஒரே ஒரு கருவி.